ராகு காலத்துக்கு முன் திறந்த கணினி

தேனியில் விதையும் உரமும் விற்கும் ஒரு கம்பெனியின் குடோனைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பத்தாம் வகுப்போடு நின்றவன். திராட்சைத் தோட்டக் கூலியிலிருந்து இந்த நாற்காலிக்கு வந்தது அம்மன் கருணை. வேலையை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்த மாதத்தில்தான், கிளைகளுக்கான எட்டு புது லேப்டாப்கள் வந்து இறங்கின.

மதுரைத் தலைமை அலுவலகத்தில் கணினிகளைக் கவனிக்கிற பெண் முதல் நாளே போனில் விளக்கினாள். பெட்டி மேலுள்ள சீரியல் நம்பர்களைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அவற்றை அவள் கிளவுடில் பதிவு செய்வாள். அதன்பிறகு எந்த ஊரில் திறந்து இன்டர்நெட் கொடுத்தாலும், நம் கம்பெனி மிஷின் என்று தெரிந்துகொண்டு, வேண்டியதையெல்லாம் அதுவே போட்டுக்கொள்ளுமாம்.

"நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள ஏத்திருவேன்ணே. ஏத்துனதும் ஒண்ணைத் திறந்து பாக்கச் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணையும் ஆன் பண்ணிராதீக."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். புது மிஷினை அந்த நேரத்தில் முதன்முதலாகத் திறக்க மனம் ஒப்பவில்லை. நல்ல நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்கிவைத்தால் மற்றவற்றை எப்போது திறந்தாலும் குற்றமில்லை என்று நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன். ஒன்பதரைக்குச் சூடம் காட்டி, மூடி ஓரத்தில் சந்தனம் வைத்து, பட்டனை அமுக்கினேன். அது ஒவ்வொன்றாகக் கேட்டது. ஆபீஸ் மெயில் எனக்குக் கிடையாது. சொந்த உபயோகம் என்பதை அமுக்கி, என் போனில் உள்ள மெயிலைக் கொடுத்தேன். கணினிக்கு ஒரு பெயர் கேட்டபோது கௌமாரி என்று எங்கள் அம்மன் பெயரையே அடித்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு அவள் கூப்பிட்டாள். எட்டும் பதிவாகிவிட்டன. "இப்ப ஒண்ணைத் திறந்து பாருங்கண்ணே. கம்பெனி பேரு வருதா?"

நான் திறந்துவைத்திருந்தது என் பெயரைச் சொல்லித்தான் வரவேற்றது. "ஒரு நிமிசம் தாயி" என்று போனை வைத்துவிட்டேன்.

தேவாரம் கிளைக்குச் சரக்கு ஏற்ற வந்திருந்த டிரைவர் எட்டிப் பார்த்து, நடந்ததையும் நான் வைத்த பெயரையும் கேட்டுச் சிரித்தார். "ஆத்தாளையே வேலைக்குச் சேத்துட்டீகளா மச்சான்? பேசாம பெட்டியில போட்டு ஒட்டுங்க. அங்கன திறக்கிறவன் பாத்துக்கிடட்டும்."

அவர் பேச்சைக் கேட்க ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் அப்படி. ஆனால் தேவாரத்தில் இன்னொருவர் அல்லவா பேச்சு வாங்குவார்? சூடம் காட்டிய கையால் அதைச் செய்ய முடியவில்லை. அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், பேர் வைத்தது உட்பட.

அவள் அந்த மிஷினின் சீரியல் நம்பரைக் கேட்டுச் சரிபார்த்தாள். பிறகு, "ஒண்ணும் கெட்டுப்போகலைண்ணே. பதியிறதுக்கு முந்தித் திறந்ததால அதுக்கு நம்மளத் தெரியலை. எல்லாத்தையும் அழிச்சு முதல்லருந்து ஆரம்பிக்கணும். ரீசெட் எங்கன இருக்குன்னு சொல்றேன், இப்பவே அமுக்குங்க" என்றாள்.

"இப்பவா தாயி? பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்."

"இது திறப்பு விழா இல்லண்ணே, அழிக்கிற வேலை. அதுக்கு இந்த நேரம் தோதுதான்."

அமுக்கினேன். சதவீதம் மெல்ல ஏறியது. முப்பத்தெட்டில் வெகுநேரம் நின்றபோது வாய் தானாக அம்மனைக் கூப்பிட்டது. ஒரு மணி நேரம் போனபின் திரை அணைந்து எழுந்தது. இன்டர்நெட் கொடுத்ததும் எங்கள் கம்பெனிப் பெயர் வந்து நின்று, ஆபீஸ் மெயிலைக் கேட்டது. விதை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "மேனேஜர்கிட்ட நான் சொல்லணுமா தாயி?"

"நானே சொல்லிட்டேன்ணே. சிரிச்சாக. மறைக்காம கூப்பிட்டாரே, குடோனை நம்பி விடலாம்னு சொன்னாக. உங்க வேலைய நிரந்தரமாக்குற ஆர்டர் திங்கக்கிழமை வந்துரும்."

"சரி தாயி, சரி தாயி" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எப்போதோ போனை வைத்துவிட்டிருந்தாள்.