கெம்பி அக்காவுக்கு மேடையில் மரியாதை

இன்னைக்கு கூடலூர் பஸ்ஸில் கெம்பி அக்கா பக்கத்துல இடம் கிடைச்சது. அவங்க மடியில பொன்னாடையும் ஒரு கேடயமும்.

ஓவேலிப் பக்கம் ஒரு பணியர் பழங்குடிக் குடியிருப்புக்குத் தலைவி அவங்க. நாங்க சிலோன்ல இருந்து வந்து எஸ்டேட் லயத்து வீட்டுல குடியேறின புதுசுல, தேயிலை போடறதுக்காக ஊத்துக்கு மேல இருந்த காட்டை வெட்ட எஸ்டேட்காரங்க எங்கப்பாவை அனுப்பினாங்க. கெம்பி அக்கா தன் ஆளுங்களோட குறுக்க வந்து நின்னாங்க.

"இந்தக் காடு போனா உங்க லயத்துக்கும் தண்ணி இல்ல"ன்னாங்க.

அப்பாவும் கூட வந்தவங்களும் கோடாலியைக் கீழே போட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் நாங்க குடிக்கிறது அந்த ஊத்துத் தண்ணிதான்.

"எங்கக்கா போயிட்டு வர்றீங்க?"

"காட்டைக் காப்பாத்துனேன்னு மேடையேத்தி மரியாதை செஞ்சாங்க தங்கச்சி. எல்லாரும் கை தட்டுனாங்க. ரிசார்ட்டுக்காக அந்தக் காட்டைத்தான் இப்ப வெட்டறாங்க, நிறுத்தச் சொல்லுங்கன்னு மைக்கில சொன்னேன்."

"அப்புறம்?"

"அதுக்கும் கை தட்டுனாங்க."

எங்க ஸ்டாப்புல ரெண்டு பேரும் இறங்கினோம். மேட்டுல மெஷின் ரம்பச் சத்தம். ஊத்து செம்மண்ணாக் கலங்கி ஓடுது.

"நாளைக்குக் காலைல போய் மறிக்கப் போறேன். கேஸ் போடுவாங்கன்னு பயந்து எங்க ஆளுங்க யாரும் வரல. நீ வர்றியா?"

அங்க மரம் அறுக்கறது என் தம்பி. அவனுக்கு வேற வேலை கிடையாது. அக்கா என் தோளைத் தட்டிட்டுப் போயிட்டாங்க.

ஒருத்தர் மறிச்சு அது நிக்காதுன்னு அவங்களுக்கும் தெரியும்.

யாராவது அவங்க கூடப் போறீங்களா? முடியாதவங்க காரணத்தையாவது எழுதுங்க. எனக்கும் ஒண்ணு தேவைப்படுது.