கடற்கரைச் சாலையில் பெட்டிக் கேமரா

நான் பத்திரிகைப் புகைப்படக்காரி. புதுக்கோட்டை மாவட்டம் முழுவதும் என் பொறுப்பு. அலுவலகம் கொடுத்த டிஜிட்டல் கேமராவோடு, காரைக்குடிப் பழம்பொருள் கடையில் நானே வாங்கிய பெரிய பெட்டிக் கேமராவும் என்னிடம் உண்டு. முன்னால் லென்ஸ், நடுவில் துருத்தி, பின்னால் மங்கலான கண்ணாடி. முக்காலியில் நிறுத்தி, தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டுதான் அதில் பார்க்க முடியும். ஒரு படத்துக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு தனி பிலிம்.

"செய்திக்கெல்லாம் இதைத் தூக்கிட்டு அலையாதீங்க மேடம். எனக்கு அஞ்சு நிமிஷத்துல வாட்ஸ்அப்ல படம் வேணும்" என்பார் எங்கள் ஆசிரியர். அவசரம் என்றால் அப்படியே அனுப்புவேன். ஆனால் எது அவசரம் என்பதை இடத்துக்குப் போய் நின்ற பிறகு நான்தான் முடிவு செய்வேன்.

மணமேல்குடிக்கு அப்பால் ஒரு மீனவக் கிராமம். அங்கிருந்த ஒரே ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீர் உப்பாகிவிட்டது. பெண்கள் காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் உட்கார்ந்தபோதுதான் நான் போனேன். போனைத் தூக்கியவர்களை எல்லாம் அவர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் மறியலில் ஒரு அக்கா வாயைத் திறந்து கத்துவதை யாரோ படமெடுத்து, கேலி ஸ்டிக்கராக்கி ஊரெல்லாம் பரப்பிவிட்டார்களாம். நிருபர்கள் எல்லோரும் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள்.

நான் முக்காலியை விரித்தேன். அந்த அக்காவே எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"ஏம்மா, இது என்ன பொட்டி?"

"கேமராதான்க்கா. நீங்க வேணாம்னா மடிச்சு வச்சுருவேன். மொதல்ல நீங்களே பாருங்க."

துணிக்குள் தலையை விட்டவர் சத்தமாகச் சிரித்தார். "அடியே, எல்லாரும் தலைகீழா நிக்கிறீங்கடி!"

ஒவ்வொருத்தியாக வந்து பார்த்தார்கள். அப்புறம் யார் எங்கே நிற்பது என்பதை அந்த அக்காவே சொன்னார். குட்டையானவர்கள் முன்னால், குடம் இடுப்பில். கடல் காற்றில் துருத்தி ஆடியது. இரண்டு பேர் ஒரு பழைய சேலையைப் பிடித்துக் காற்றை மறைத்தார்கள். "அசையாதீங்க" என்று சொல்லி அழுத்தினேன்.

அழுத்திய பிறகுதான் பிலிமை மூடியிருந்த தகட்டை உருவவே இல்லை என்று தெரிந்தது. முகம் சூடானது. மறைக்காமல் சொன்னேன்: "தப்பு பண்ணிட்டேன்க்கா. இன்னொரு தடவை நில்லுங்க."

"அதுக்கென்ன, நிக்கிறோம். நீ பதறாம எடு."

இரண்டாவது சரியாக விழுந்தது.

அன்று மாலை ஓர் அதிகாரி நிருபர்களிடம், மறியல் செய்தவர்கள் வெளியூர் ஆட்கள், யாரோ கூட்டி வந்தவர்கள் என்றார். ஆசிரியர் போனில் கத்தினார். "படம் எங்கே?"

"நாளைக்குத் தாரேன். நீங்க இடத்தை மட்டும் வச்சிருங்க" என்றேன். மறுநாள் காலை, ஜன்னலை அட்டையால் அடைத்த என் குளியலறையில் பிலிமைக் கழுவினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்கே நிமிர்ந்து நிற்கத் தோன்றியது. கடைசி வரிசையில் நின்றவளின் மூக்குத்திகூடத் தெளிவாக இருந்தது. ஆசிரியர் அதை அரைப் பக்கத்துக்குப் போட்டார்.

தாலுகா அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டபோது, அந்தப் பெண்கள் படத்தை மேசை அளவுக்குப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார்கள். கொடுத்தேன். அதே அதிகாரி முன்னால் அதை விரித்தார் அக்கா. தன் முகத்தின் மேல் விரலை வைத்தார். பக்கத்தில் ரேஷன் கார்டை வைத்தார்.

"இது நான். இது என் கார்டு. ஊர் பேரை வாசிங்க சார்."

அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவள். பத்துப் பன்னிரண்டு கார்டு ஆனதும் அதிகாரி, "போதும்மா, எல்லாரும் உக்காருங்க" என்றார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். அந்தக் காட்சியைப் படமெடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாளே டேங்கர் லாரி வந்தது. பக்கத்து ஊரிலிருந்து குழாய் போட நான்கு மாதம் ஆனது. திறந்த அன்று எனக்குக் கீரமங்கலத்தில் வேலை. அக்காதான் போன் செய்தார்.

"தண்ணி வந்துருச்சும்மா. இப்பத்தான் வீட்டுல பருப்பு ஒழுங்கா வேகுது."