கெட்டிலில் ஒரு வெள்ளைப் புள்ளி

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் ‘அசையாதீங்க அக்கா’. ஒரு காலத்தில் போட்டோ ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருப்பது கைக்குழந்தையோ நீதிபதியோ, அவள் சொல்வது ஒன்றுதான்: “அசையாதீங்க.” ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். வேலை போனதே தவிர பெயர் போகவில்லை.

பிறகு அவளுக்கு வாய்த்தவர்கள் தானாக அசையவே அசையாத ஆட்கள். வீட்டு மாடி அறையில் ஒரு மேசை, மேசைமேல் சாண் உயரப் பொம்மைகள், எதிரே கேமரா, பக்கத்தில் கம்ப்யூட்டர். பொம்மையின் கையை இம்மி நகர்த்துவாள். தன் கையை எடுத்துக்கொள்வாள். பட்டனைத் தட்டுவாள், ஒரு படம். மறுபடி நகர்த்தல், மறுபடி தட்டல். முந்தைய படம் திரையில் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் அடுத்த நகர்வு. நாள் முழுக்க முதுகு ஒடிய உழைத்தால் பொம்மை ஒரு கோப்பை டீ ஊற்றும். பார்க்கிறவர் ஒரு கொட்டாவி விடுவதற்குள் அந்தக் காட்சி முடிந்துவிடும்.

அந்த அறைக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. ஜன்னலில் கறுப்புத் துணி. கேமரா நிற்கும் முக்காலியின் கால்கள் தரையோடு சேர்த்து முடுக்கியவை. அக்கா போடுவது கறுப்புச் சட்டை மட்டும். வெளிர்ச் சட்டையில் பட்ட வெளிச்சம் பொம்மைமேல் தெறித்தால், ஓட்டிப் பார்க்கும்போது படம் கண் சிமிட்டும். தரை பலகை என்பதால், விளக்கு எரியும்போது மாடியில் யாரும் நடக்கக் கூடாது.

இத்தனை வருஷம் நடக்க ஆளும் இல்லை. கணவர் லாரி டிரைவர். வந்த வேகத்தில் போகிறவர். முழங்கால் மக்கர் பண்ணவே வண்டியை விட்டுவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தார். ஊர் ஊராகச் சுற்றிய மனுஷனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மாடிக்கு ஏறுவார், எதையோ தேடுவார், இறங்குவார். போன வாரம் அப்படி நடந்ததில் பாதி எடுத்த காட்சி குலுங்கிப் பாழாயிற்று. அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வெளியில ஒரு ரூம் பாத்துக்கிட்டுப் போயிடுவேன். காலையில போனா ராத்திரிதான் வருவேன். நீங்க இஷ்டத்துக்கு நடங்க.”

“உன்கூட இருக்கலாம்னுதானே வந்தேன்,” என்று அவர் முணுமுணுத்தார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவில்லை.

இன்றைக்குக் கடைசிக் காட்சி. தையல்காரப் பொம்மை கெட்டிலைத் தூக்கி டீ ஊற்ற வேண்டும். சாயங்காலத்துக்குள் இந்தப் பொம்மைப் படத்தின் டைரக்டருக்குப் போய்ச் சேராவிட்டால் அடுத்த படம் வேறு கைக்குப் போய்விடும். பளபளக்கிற சாமான் எதுவானாலும் அக்கா மெழுகு தேய்த்து மங்க வைப்பாள். டைரக்டரோ, “கெட்டில் மின்னணும்க்கா” என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

மதியம், பொம்மையின் கை கெட்டிலைத் தொட்ட நேரம், பின்னால் கதவு திறந்தது. பலகை முனகியது. விரலை எடுக்காமல், திரும்பாமல் அக்கா கத்தினாள்: “அங்கேயே நில்லுங்க! அசையாதீங்க!”

இந்த ஒரு படத்தைத் தட்டிவிட்டுப் போகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். தட்டினாள். கெட்டில் மேசையை விட்டு மயிரிழை எழும்பியிருந்தது. அடுத்த நகர்வு கண்ணிலேயே நின்றது. பிறகு அதற்கடுத்தது. மனுஷி மறந்தே போனாள்.

கடைசிப் படத்தையும் தட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தாள். பொம்மை ஜோராக ஊற்றியது. ஆனால் கெட்டிலின் வயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளி. விளக்கின் பிம்பமாக இருந்தால் இப்படி ஆடாது. இது கொடியில் காயும் துணி மாதிரி இப்படியும் அப்படியும் சாய்ந்தது. போகப் போக உதறலே எடுத்தது. போச்சு, எல்லாம் போச்சு. படத்தைப் பெரிதாக்கினாள். புள்ளிக்கு இரண்டு கைகள் இருந்தன. பனியன்!

திரும்பினாள். கதவோரம், சுவரில்கூடச் சாயாமல் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். கையில் அவளுக்குக் கொண்டுவந்த டீ. ஆறி அவலாகி ஏடு படிந்திருந்தது. முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது.

“இப்ப அசையலாமா?” என்றார்.

அக்கா ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“ஏங்க, ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா? நான் மறந்தே போயிட்டேனே!”

“கூப்பிட்டா நீ திரும்புவ. திரும்பினா கை பட்டு பொம்மை ஆடிடும். அப்புறம் நீ ரூம் பாத்துக்கிட்டுப் போயிடுவ.”

மறுபடி எடுக்க நேரமில்லை. காட்சி அப்படியே போனது. அவர் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே வசவுக்காகக் காத்திருந்தாள். டைரக்டர் போன் செய்தார்.

“கெட்டில்ல ஜன்னல் திரை ஆடுற மாதிரி பண்ணியிருக்கீங்களேக்கா! நான் கேக்கவே இல்லையே!”

“வீட்டுத் திரைதான்,” என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் டிரைவர் மாடிக்கு வந்து பார்த்தபோது, அறையின் மூலையில் கைவைத்த நாற்காலி ஒன்று கிடந்தது. நாலு காலையும் அக்கா தரையோடு முடுக்கியிருந்தாள். அதன் முதுகில் ஒரு கறுப்புச் சட்டை தொங்கியது, அவர் அளவுக்கு.