ஏரிக்கரை பங்களாவும் என் வயிற்றெரிச்சலும்

2014 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த சனிக்கிழமை நான் திண்டிவனம் போனதற்குக் காரணம் பழைய கட்டடங்கள் மேலுள்ள ஆசை என்று எழுதினால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி ஜெயசீலன்.

1993இல் நாங்கள் இருவரும் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தோம். செஞ்சி சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஏரிக்கு அந்தப் பக்கம் அரைவட்ட முகப்போடு ஒரு வெள்ளை வீடு தெரியும். ஊர்க்காரர்களுக்கு அது துரை பங்களா. வெள்ளைக்காரர் ஒருவர் 1800களின் தொடக்கத்தில் கட்டியது என்பார்கள். நான் சன்னலோரம் இடம்பிடித்து அதையே பார்ப்பேன். ஜெயசீலன் என் தோளில் தூங்கி வழிவான். பிறகு நான் சென்னையில் அடுக்குமாடிகளுக்கு வரைபடம் போடுகிறவன் ஆனேன். அவன் ஊரிலேயே கான்ட்ராக்டர் ஆனான். எட்டு வருடமாகப் பழைய கட்டடங்களைப் பற்றி இந்த வலைப்பூவில் எழுதுகிறேன். அந்தப் பங்களா கேட்டை மட்டும் எனக்கு யாரும் திறக்கவில்லை. டிசம்பரில் அவனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அந்த வீட்டு மொட்டை மாடியில் இடுப்பில் கைவைத்து நிற்கிறான். "ஆறு மாசமா இங்க ரிப்பேர் வேலை நமக்குத்தான். வந்து பாருடா."

கோயம்பேட்டில் 6.15 பஸ். கட்டணம் எழுபத்தெட்டு ரூபாய். 8.50க்குத் திண்டிவனம். அங்கிருந்து செஞ்சி சாலையில் பதினொரு கிலோமீட்டர். டவுன் பஸ் ஒன்பது ரூபாய்தான், ஆனால் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் ஏரிக்கரையில் நடக்க வேண்டும். நான் ஆட்டோ பிடித்தேன். இருநூறு ரூபாய்.

"துரை பங்களாவா? நம்ம ஜெயசீலன் சார் வேலை பண்ணிக்கினு இருக்காரே, அங்கதான சார்?" என்றார் ஆட்டோக்காரர். என் பங்களா அதற்குள் அவன் பங்களா ஆகிவிட்டிருந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்தடி உயர மேடை மேல் நிற்கிறது. முன்னால் குதிரை வண்டி வந்து நிற்க ஒரு முகமண்டபம். பின்பக்கம் ஏரியைப் பார்த்து அரைவட்டமாகப் பிதுங்கும் தாழ்வாரம், அதில் ஆறு தூண்கள். பஸ்ஸிலிருந்து நான் முகப்பு என்று நினைத்தது உண்மையில் வீட்டின் பின்பக்கம்! தூண்கள் கல் அல்ல. செங்கல் மேல் சுண்ணாம்புக் காரை பூசி, சலவைக்கல் போல மழமழவென்று தேய்த்திருக்கிறார்கள். சுவர் இரண்டரை அடி கனம், கூரை பதினெட்டடி உயரம். சன்னல்களில் சாய்வாக அடுக்கிய பச்சை மரப்பட்டிகள். வெயிலை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும். ஒவ்வொரு குளியலறைக்கும் வெளியிலிருந்து ஒரு குறுகிய படிக்கட்டு உண்டு. துப்புரவு செய்கிறவர்கள் துரையின் கண்ணில் படாமல் வந்துபோக.

"எங்க ஜனங்க அன்னிக்கு ஏறுன படி. இதையும் இடிக்காம ரிப்பேர் பண்ணணும்னு சொல்லிட்டேன். நாலு பேரு பாக்கட்டும்" என்றான் ஜெயசீலன்.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது அது. அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

பிறகு கூடத்துக் கூரையைக் காட்டினான். மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களுக்கு நடுவே மெல்லிய செங்கற்களைச் சாய்வாகக் குத்தவைத்து, அடியில் முட்டுப் பலகை இல்லாமல், சுண்ணாம்புச் சாந்தின் பிடிப்பிலேயே நிற்க வைப்பது. இடிந்திருந்த கால்வாசிக் கூரையை அவன் ஆட்கள் புதிதாகப் போட்டிருந்தார்கள். எது பழசு எது புதுசு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "ரெண்டு வாட்டி மொத்தமா உழுந்துச்சுடா. ஒரே பேஜாரு. மூணாவது வாட்டி நின்னுச்சு" என்று சிரித்தான். "ம்" என்றேன்.

அப்புறம் நான் வீட்டைப் பார்க்கவில்லை, குற்றம் தேடினேன். பதினொன்றரைக்கு ஒன்று அகப்பட்டது. நாலாவது தூணின் அடியில் இரண்டடி உயரத்துக்குச் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட். நகத்தால் கீறிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மதியம் வீட்டுக்காரம்மா ஜமீலா வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், கணவர் துபாயில் இருக்கிறார். தங்கும் விடுதி ஆக்குவதற்காக இந்த வீட்டை வாங்கியிருந்தார். எல்லோருக்கும் பிரியாணி கொண்டுவந்திருந்தார். "நீங்களும் இன்ஜினியரா தம்பி? வேலை எப்படி இருக்கு, சொல்லுங்க" என்றார்.

"நல்லாருக்கும்மா. அந்த நாலாவது தூண்ல மட்டும் சிமெண்ட் வச்சிட்டாங்க. உள்ள ஈரம் தங்கி ரெண்டு வருஷத்துல காரை உதிர்ந்துடும். தெரிஞ்சவங்க இப்படிப் பண்ண மாட்டாங்க."

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

ஜமீலாம்மா ஜெயசீலனைப் பார்த்தார். அவன் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தான். "ஆமாம்மா. வந்த புதுசுல நான்தான் வச்சேன். தப்புதான். உடைச்சிட்டு மறுபடி பூசிடறேன்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஷார்ப்பான கண்ணுடா உனக்கு" என்றான். கிண்டல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து ஜமீலாம்மா போன் செய்தார். "மேல்மாடி வேலை இன்னும் பாக்கி இருக்கு தம்பி. நீங்க எடுத்துச் செய்யறீங்களா? ஜெயசீலன் தம்பி கிட்ட நான் பேசிக்கிறேன்."

இருபது வருடம் பஸ் சன்னலிலிருந்து பார்த்த வீடு. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். ஆபீஸில் எத்தனை நாள் லீவு மிச்சம் என்று பார்த்தேன். நான் எடுத்த போட்டோக்களைக் கணினியில் திறந்து, மேல்மாடியை எப்படிச் செய்யலாம் என்று குறிப்பெடுக்கத் தொடங்கினேன். கூடத்துக் கூரை வந்ததும் கை நின்றுவிட்டது. அதை என்னால் அழகாக வரைய முடியும். கட்ட முடியாது. விழுந்த கூரையைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூன்றாம் தடவை போட எனக்குத் தெரியாது.

உயர்ந்த மனசு என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வராது என்பதால்தான் இரண்டாம் நாள் ஜமீலாம்மாவுக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். ஆனால் சொல்லத் தொடங்கியதும் மீதியும் வந்துவிட்டது. "தூண் அரை நாள் வேலைம்மா. நான் அதைப் பெருசாக்கிச் சொன்னேன், பொறாமைல. இந்த மாதிரிக் கூரை போட இந்தப் பக்கம் வேற ஆள் கிடைக்க மாட்டாங்க. அவனையே விடாதீங்க."

"சரி தம்பி" என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஜெயசீலன் கூப்பிட்டான். "மேல்மாடியும் நமக்கே வந்துடுச்சுடா!" நடுவில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. 'நமக்கே' என்றான். வாழ்த்துச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

இப்போது அது விடுதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை தங்காதவர்களும் சுற்றிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. மூன்று மணிக்கு மேல் போங்கள், மரப்பட்டிகள் வழியாக வெயில் கோடு கோடாக உள்ளே விழும். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், அருகில் கடை கிடையாது. கடைசி டவுன் பஸ் 5.40க்கு.

சர்ச்சில் பூசை முடிந்து ஜெயசீலனும் பெரும்பாலும் அங்கே வருவான். கட்டம் போட்ட சட்டை, சத்தமான சிரிப்பு. பார்த்தால் கூரை பிரமாதம் என்று அவனிடம் நேரில் சொல்லுங்கள். நான் இன்னும் சொல்லவில்லை.