தீர்த்தகிரி சொல்லாமல் வண்டி நகராது

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தீர்த்தகிரிக்கு உத்தியோகம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அவன் இல்லாமல் எந்த உத்தியோகஸ்தனும் ஊர் போய்ச் சேர முடியாது. சூளகிரி, கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று கூவி ஆள் சேர்ப்பான். தமிழில் கூவினால் தமிழர்கள் ஏறுவார்கள். கன்னடத்தில் கூவினால் கன்னடத்துக்காரர்கள் ஏறுவார்கள். தெலுங்கில் கூவினால், ஏறி உட்கார்ந்தவர்களும் இறங்கி வந்து அவனிடம் நலம் விசாரிப்பார்கள்.

வண்டி நிரம்பியதும் தகரத்தில் இரண்டு தட்டு. பிறகு, "ரைட், போலாம்!" இந்தச் சொல் விழாமல் எந்த டிரைவரும் கியரைத் தொட மாட்டான். ஒரே ஒருவன் தொட்டான். சானமாவுக் காட்டில் அச்சு முறிந்து, அத்தனை பிரயாணிகளும் ஒரு பகல் முழுக்க யானைச் சாணத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அன்றோடு அது சட்டமாகிவிட்டது.

இவ்வளவு பெரிய குரலுக்குப் பின்னால் இருந்த நெஞ்சுதான் சரியில்லை. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. வண்டியின் முதுகில் ஓர் அடுப்பு, அதற்கு ஒரு ஊதுசக்கரம், அதைச் சுற்ற ஒரு தீர்த்தகிரி. ஐந்து வருஷம் சுற்றினான். பஸ் குடித்தது போக மிச்சத்தை அவன் குடித்தான். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரனும் போனான், புகை மட்டும் அவனுக்குள்ளேயே குடியிருந்தது. பனி இறங்கினால் நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கத்தும். வருஷத்துக்கு ஒரு தடவை அது புலியாகும். டாக்டர் இந்த வியாதிக்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். அதையும் ஊர்ப்பெயர் மாதிரி கூவிப் பார்த்தான். பாதியில் மூச்சு நின்றுவிட்டது.

ஐம்பத்தாறாம் வருஷம், தை மாதம், காலை எட்டு மணி. "கிருஷ்ண..." என்று ஆரம்பித்தான். 'கிரி' வரவில்லை.

இழுத்த காற்று வெளியே போக மறுத்தது. தோள்கள் ஏறி ஏறி இறங்கின, உதடு நாவல்பழமானது. பக்கத்தில் கீரை விற்றுக்கொண்டிருந்த அவன் மனைவி வெள்ளையம்மா கூடையை அப்படியே விட்டுவிட்டு, எப்போதும் தயாராக வைத்திருக்கும் ஆஸ்பத்திரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கம்பளி, தூக்குப்போசி, டம்ளர், மாற்று வேட்டி எல்லாம் அதில் அடக்கம். சூளகிரிக்கு அப்பால் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில்தான் அவன் முன்பு மூன்று தடவை பிழைத்திருந்தான்.

அப்போது புறப்பட இருந்தது டிரைவர் ராயப்பனின் வண்டி. நாற்பத்திரண்டு பேர் ஏறியிருந்தார்கள். முன்சீட்டைக் காலி செய்து தீர்த்தகிரியைப் படுக்க வைத்தார்கள். படுத்ததும் மூச்சு இன்னும் அடைத்தது. நாலு பேரை உதைத்துத்தான் எழுந்து உட்கார முடிந்தது. முழங்காலில் கையை ஊன்றி முன்னால் குனிந்துகொண்டான். இன்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை.

"எடுங்கண்ணா வண்டிய! ஆளு போயிரும்போல இக்குது!" என்றாள் வெள்ளையம்மா.

"எப்படி தங்கச்சி எடுக்கறது? ரைட்டு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்," என்றான் கண்டக்டர் எல்லப்பன்.

"நீ சொன்னா அச்சு கேக்குமா?"

"ஏண்ணா, நீங்க மாதா கோயிலுக்குப் போறவருதான? இதெல்லாம் நம்பலாமா?" என்றான் எல்லப்பன்.

"நான் போறேன். அச்சு போறதில்லையே!"

நாற்பத்திரண்டு ஜோடிக் கண்கள் தீர்த்தகிரியைப் பார்த்தன. அவனிடம் இருந்ததோ ஒரு கரண்டி மூச்சு. அதை வைத்துக்கொண்டு உயிரோடிருப்பதா, வண்டியை அனுப்புவதா? அனுப்பாவிட்டால் உயிரோடிருக்கவும் வழியில்லை. கையைத் தூக்கித் தகரத்தில் ஒன்று, இரண்டு என்று தட்டினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"ரை..."

"ட்டு! எடுய்யா!" என்று மீதியை வெள்ளையம்மா முடித்தாள்.

ராயப்பன் ஒரு நொடி யோசித்தான். பாதி தீர்த்தகிரியுடையது, பாதி அவன் பெண்சாதியுடையது. சட்டம் ஒத்துக்கொண்டது. வண்டி பாய்ந்தது.

அன்றைக்கு எங்கும் நிற்கவில்லை. கை காட்டியவர்களிடம் ஜன்னலில் தொங்கியபடி மூன்று பாஷைகளில் காரணம் சொல்லிக்கொண்டே போனார்கள். சூளகிரியில் இறங்க வேண்டிய ஏழு பேரும் இறங்கவில்லை. "எறங்கி என்னாத்த பண்றது? என்னா ஆவுதுன்னு பாத்துட்டே போலாம்," என்றார் ஆஞ்சப்பன் என்ற புளி வியாபாரி.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் பவுலினா ஒரு பார்வைதான் பார்த்தார். "நிமிந்து உக்கார வைங்க. மத்தவங்க வெளிய. அத்தன பேருமா புருஷன் பொஞ்சாதி?"

டாக்டர் வந்து நரம்பில் ஊசி மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்தது. அதைத் திறக்கும் சாவிதான் வரவில்லை. மேஜை, அலமாரி, தலையணையடி என்று தேடினார்கள். ராயப்பன் ஓடிப்போய்ப் பஸ்ஸின் ஸ்பானரோடு வந்து நின்றான்.

"ஐயோ, எண்ணெயோட கொண்டாராதீங்க!" என்று சிஸ்டர் அலறினார். "எண்ணெயும் ஆக்ஸிஜனும் சேந்தா இவரோட நாம எல்லாருமே மேல போயிடுவோம்!"

சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, மெதுவாகத் திருப்பியதும், 'உஸ்ஸ்' என்றது. தீர்த்தகிரிக்கு அது டயருக்குக் காற்றடிக்கிற சத்தமாகவே கேட்டது. மூக்கில் மாட்டிய முகமூடியோடு கண்ணை மூடினான். அரை மணியில் புலி பூனையானது. உதட்டில் பழைய நிறம் வந்தது.

"மூணு நாளைக்கு ஒரு வார்த்த பேசக்கூடாது," என்றார் சிஸ்டர்.

அப்போதுதான் வெளியே ஹாரன் கேட்டது. ஜன்னலில் ராயப்பனின் முகம். "மாப்ள, எல்லாரும் ஏறிட்டாங்க. ஒரு ரைட்டு..."

தீர்த்தகிரியின் வாய் பழக்கத்தில் திறந்தது. சிஸ்டரின் விரல் எழுந்தது. "ஒரு எழுத்து வந்திச்சோ, அடுத்த ஊசி உனக்கில்ல, டிரைவருக்கு."

"ரைட்டு!" என்றாள் வெள்ளையம்மா.

ராயப்பன் தலையை ஆட்டினான். "உங்களுது பாதிதான தங்கச்சி."

வண்டிக்குள்ளிருந்து ஆஞ்சப்பன் சத்தமாகக் கொட்டாவி விட்டார். அடுத்த வார்டு நோயாளிகளும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். தீர்த்தகிரி தள்ளுவண்டியில் கிடந்த ஸ்பானரை எடுத்தான். இரும்புக் கட்டிலின் சட்டத்தில், டங்! டங்! பிறகு சிஸ்டரைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு முன்னால் சிஸ்டர் கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடித்தார். ஜன்னலுக்குப் போனார், தொண்டையைச் செருமினார்.

"ரைட்! போலாம்!"

நாற்பத்திரண்டு பேரும் கை தட்டினார்கள். வண்டி கிளம்பியது. அது வாசலைத் தாண்டிய பிறகுதான் வெள்ளையம்மாவுக்கு நினைவு வந்தது. "ஐயோ, மூட்ட! வண்டியில மூட்ட!" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். ரைட் சொன்ன வண்டி எந்தக் காலத்தில் நின்றிருக்கிறது? தீர்த்தகிரியின் வயிறு குலுங்கியது.

"சிரிக்கவும் கூடாது," என்றார் சிஸ்டர், தானும் சிரித்துக்கொண்டே.

மூன்று நாள் அவன் கையால், கண்ணால், புருவத்தால் பேசினான். நாலாம் நாள் காலையில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், முதுகில் தட்டிப் பார்த்தார், "இப்பப் பேசலாம்," என்றார். தீர்த்தகிரி நிதானமாக ஒரு மூச்சு இழுத்தான். முழுசாக உள்ளே போனது, முழுசாக வெளியே வந்தது. இன்னொன்று இழுத்து, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான்.

"...கிரீ!"