யோசப்பின் திருப்பிப் பார்த்த சிலைட்டுகள்

1992இல் மாரி முடிந்த கையோடு கொழும்புத்துறை அகதி முகாமுக்குள் மலேரியா புகுந்தது. மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை போட்ட அரசு நுளம்புக்குப் போடவில்லை.

முகாமுக்குப் பக்கத்து வாசகசாலையில் இரத்தச் சோதனை நிலையம் திறந்தார்கள். அங்கே நுணுக்குக்காட்டியில் கிருமி தேடியவர் யோசப்பின். முப்பத்தைந்து வயதிருக்கும். குருநகரிலிருந்து சைக்கிளில் வருவார். மின்சாரம் இல்லாததால் நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னல் வெயிலுக்குத் திருப்பி வைத்துத்தான் பார்ப்பார்.

பொறுப்பாளர் நாகலிங்கம் சுவரில் ஒரு மட்டை தொங்கவிட்டார்: 'நாளுக்கு அறுபது.' விரலில் குத்தி இரத்தத்தைக் கண்ணாடிச் சிலைட்டில் எடுக்கும் ஸ்ரெல்லாவுக்கும் அறுபது, அதைப் பார்க்கும் யோசப்பினுக்கும் அறுபது. முப்பது எடுத்துவந்த ஸ்ரெல்லா ஒரே கிழமையில் அறுபதைத் தாண்டினார். யோசப்பினும் எட்டிப்பிடித்தார். ஆனால் ஒரு சிலைட்டில் நூறு இடம் பார்க்க வேண்டியவர், நாற்பதோடு அடுத்ததை எடுத்திருக்கிறார். தனக்கே தெரியாமல் நடந்தது என்று பிறகு சொன்னார்.

அந்தக் கிழமைதான் என் மனைவி அருமைநாயகிக்குக் காய்ச்சல். ஆறு மாதக் கர்ப்பிணி. சோதனைத் துண்டில் 'இல்லை' என்று வந்தது. அயலவர்கள் மந்திரித்து நூல் கட்டச் சொன்னார்கள். பள்ளிக்கூட ஆசிரியனான நான் துண்டை நம்பினேன். மூன்றாம் நாள் அவளுடைய நடுக்கத்தில் கட்டில் ஆடியது.

நிலையத்துக்கு ஓடினேன். யோசப்பின் சாட்டுச் சொல்லவில்லை. பெட்டியில் பழைய சிலைட்டைத் தேடியெடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கிடக்கு மாஸ்ரர். அண்டைக்கே இருந்திருக்கு. நான்தான் விட்டிட்டன்."

ஏசத்தான் ஓடிவந்திருந்தேன். பிழையை இப்படி ஒப்புக்கொண்ட அதிகாரி எவரையும் நான் அதுவரை கண்டதில்லை. குளிசைகளை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அன்று அவர் புதிய சிலைட்டுகளை ஒதுக்கிவைத்து, அந்தக் கிழமை 'இல்லை' என்று எழுதிய அத்தனையையும் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான்கு நாளில் இன்னும் ஐந்து பேருக்குக் கிருமி இருப்பது தெரிந்தது. ஐவரையும் தேடிப்போய்க் குளிசை கொடுத்தார்.

நாகலிங்கம் வந்து நின்றபோது நானும் அங்கேதான் இருந்தேன்.

"என்ன பிள்ளை, இண்டைக்குப் புதுசு பதினொண்டுதானே? மேலிடத்துக்கு என்னத்தை எழுதிறது?"

"ஐஞ்சு பேர் தப்பினவை எண்டு எழுதுங்கோ ஐயா."

"ஸ்ரெல்லா எழுபது எடுக்கிறா."

"குத்திறதுக்கு அறுபது நல்லது. தேடுறதுக்கும் அறுபது எண்டால் என்ரை கண் தேடாது, எண்ணிக்கொண்டிருக்கும். எனக்கு வேறை இலக்குத் தாங்கோ. கிழமைக்குப் பத்துச் சிலைட்டை ஆஸ்பத்திரியிலை ஒராள் திருப்பிப் பாக்கட்டும். எங்கை பிழைக்குதெண்டு நான் படிக்கிறன்."

நாகலிங்கம் மட்டையைக் கழற்றி ஸ்ரெல்லாவின் மேசைக்கு மேலே மாட்டினார். மேலிடத்துக்கு அவர் என்ன எழுதினாரோ தெரியாது. ஆனால் யோசப்பினை யாரும் பிறகு அவசரப்படுத்தவில்லை.

ஆனியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். குழந்தையை யோசப்பினிடம் கொண்டுபோனேன்.

"அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான் மாஸ்ரர்."

"ஏன், அந்தோனியாரே நுணுக்குக்காட்டியிலை பாத்தவர்?"

"துலைஞ்சதைத் தேடித் தாறவர் அவர். உங்கடை விவாதத்தைப் பிறகு வைப்பம். பிள்ளையைத் தாங்கோ."

நான் யாருக்கு நன்றி சொல்ல வந்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளையைக் கொடுத்தேன்.