சும்மா, ஒரு சேஃப்டிக்கு

என் மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, வேலை செய்யும் இடத்தில் 'சேஃப்டி' என்று பெயர். எலக்ட்ரீஷியன். ஒரு பல்பு ஹோல்டர் மாற்றுவதென்றாலும் மெயினை அணைத்து, ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுவார். அப்புறமும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். ஏனென்று கேட்டால், "சும்மா, ஒரு சேஃப்டிக்குத்தான்" என்பார்.

வீட்டிலும் அதே கூத்துதான். பூட்டிய கதவை இழுத்துப் பார்க்க மறுபடி மாடி ஏறுவார். வெயில் கொளுத்தும்போது குடை எடுப்பார். "இவரைக் கட்டிக்கிட்டு எனக்கு வாழ்க்கையில ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது" என்று அக்கா கிண்டலடிப்பாள். உண்மைதான், எதுவும் நடந்ததில்லை. நடக்காத ஒன்றுக்காகச் சொல்லும் வார்த்தையாகவே 'சேஃப்டி' அவர் வாயில் தேய்ந்துபோயிருந்தது.

அக்காவுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவரும் அவர்தான். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெரும்பாலும் சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும். டு பி ஆன் த சேஃப் சைடு, ஊசியால கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம்" என்றாராம்.

டாக்டர் வாயில் அதற்கு அர்த்தம், எனக்குச் சந்தேகம் இருக்கிறது, நீ பயப்படாதே என்பது. மாமாவுக்கு அந்த இங்கிலீஷ் புரியாமலில்லை. நன்றாகவே புரிந்தது, அவருடைய அர்த்தத்தில். "ஒண்ணுமில்லடா, சும்மா சேஃப்டிக்குத்தான் சொல்றாரு. மெதுவா எடுத்துக்கலாம்" என்றார் என்னிடம். ஊசி என்றாலே நடுங்கும் அக்காவுக்கு அது போதுமாயிருந்தது. வேலை, விருந்தாளி, மழை என்று தள்ளிக்கொண்டே போனார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதுகுவலி தாங்காமல் அக்கா மறுபடி போனபோது நோய் எலும்புவரை போயிருந்தது.

"அப்பவே டெஸ்ட் எடுக்கச் சொன்னேனே?" என்றார் டாக்டர்.

"சேஃப்டிக்குன்னுதானே சொன்னீங்க, சார்" என்றார் மாமா.

"சந்தேகம் இல்லாட்டி எதுக்குங்க சொல்லப்போறேன்?"

 மாமாவை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடும் எண்ணத்தோடுதான் நானும் கூடப் போயிருந்தேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகைதான் வந்தது.

அதன்பிறகு அவர் எதையும் தள்ளிப்போடவில்லை. சொன்ன தேதிக்கு முன்னாலேயே போய் நின்றார். இன்னொரு ஆஸ்பத்திரி, இன்னொரு டாக்டர் என்று அலைந்தார். அக்கா எழுந்து உட்கார முடியாமல் போன நாளில், வார்டு வாசலில் டாக்டரை மறித்துக்கொண்டு, "இன்னும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமா, சார்?" என்று கெஞ்சினார்.

"அதெல்லாம் இனிமே தேவையில்லீங்க" என்றார் டாக்டர். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."